ஆளில்லா அறையும் அணையாத விளக்கும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

முன்னுரை

மின்சாரம் இன்றி இன்றைய வாழ்வு இல்லை என்பது யாவரும் அறிந்த உண்மை. ஆனால் அம்மின்சாரத்தில் எவ்வளவு நமக்குப் பயன்படுகிறது, எவ்வளவு எவருக்கும் பயன்படாமல் கழிகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வகுப்பு முடிந்து மாணவர்கள் சென்ற பின்னும் சுழன்றுகொண்டிருக்கும் மின்விசிறி, நண்பகல் வெயிலில் எரியும் தாழ்வார விளக்கு, நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டி ஆகியவை நாம் நாள்தோறும் காணும் காட்சிகள். "கடைசியாகச் செல்பவர் விளக்கை அணைக்கவும்" என்று சுவரில் எழுதி வைக்கிறோம். கடைசியாகச் செல்பவர் தாம்தான் என்பது அவருக்கே தெரிவதில்லை. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக வந்தவையே அசைவு உணரிகளும் தானியங்கிக் கட்டுப்பாடுகளும். இவற்றை வாங்கிப் பொருத்திவிட்டால் போதும், மின்சாரம் தானே மிச்சமாகும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இடமும் இயல்பும் அறியாமல் பொருத்திய உணரி, மின்சாரத்தைச் சேமிப்பதற்கு மாறாகச் செலவழிக்கவும் கூடும். அமைதியாகப் படித்துக்கொண்டிருப்பவரை இருளில் விட்டுவிடவும் கூடும். இவற்றைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி என்பதை, நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல் விதிகளைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தானியங்கிக் கட்டுப்பாட்டின் தொடக்கம்

தானாக இயங்கும் கட்டுப்பாடு மின்சாரத்தோடு பிறந்ததன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியஸ் என்பவர் தம் நீர்க்கடிகாரத்தில் நீர்மட்டம் மாறாதிருக்க மிதவை ஒன்றைப் பயன்படுத்தினார். நம் கழிப்பறைத் தொட்டியில் உள்ள மிதவைக் குமிழ் அதன் வழித்தோன்றலே. 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தின் வேகத்தைச் சீராக்கச் சுழலும் குண்டுகள் கொண்ட ஆளியைப் பொருத்தினார்.

கட்டடங்களைப் பொறுத்தவரை நமக்கு நெருக்கமான வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்ததும் ஒரு கல்லூரியில்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். குளிர்காலத்தில் பணியாளர் ஒருவர் வகுப்பு நடக்கும்போதே ஒவ்வோர் அறையாக நுழைந்து வெப்பநிலையைப் பார்ப்பார். பிறகு அடித்தளத்திற்குச் சென்று சூடான காற்று வரும் வழியைத் திறப்பார் அல்லது மூடுவார். பாடம் தடைப்பட்டது, பணியாளருக்கும் அலைச்சல். அறையின் வெப்பநிலை மாறியதும் அடித்தளத்தில் மணி ஒலிக்கச் செய்யும் மின்கருவி ஒன்றை ஜான்சன் அமைத்து, 1883-இல் காப்புரிமை பெற்றார். அறைக்கு அறை வைக்கப்படும் மின் வெப்பநிலைக் கட்டுப்படுத்திகளின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

எவ்வகைத் தானியங்கியாயினும் அதில் மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று உணர்வது, மற்றொன்று முடிவு செய்வது, மூன்றாவது செயல்படுத்துவது. வெப்பநிலையோ ஒளியோ அசைவோ மாறுவதை உணரி அறிகிறது. மின்னணுச் சுற்று அதனைக் குறித்த அளவோடு ஒப்பிட்டு முடிவெடுக்கிறது. ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் விளக்கை ஏற்றுகிறது அல்லது அணைக்கிறது. இம்மூன்றில் பெரும்பாலான குறைகள் முதல் உறுப்பிலிருந்தே எழுகின்றன. எனவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

உடலின் ஒளியைக் காணும் கண்

இன்று மிகப் பரவலாக உள்ள அசைவு உணரி, 'பி.ஐ.ஆர்.' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அகச்சிவப்பு உணரியாகும். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானி உயர்வதைக் கண்டார். அக்கண்ணுக்குத் தெரியாத கதிரே அகச்சிவப்புக் கதிர். வெப்பமுள்ள எப்பொருளும் இக்கதிரை வெளியிடுகிறது. வீன் விதிப்படி, மிகுதியாக வெளிவரும் கதிரின் அலைநீளத்தையும் தனிவெப்பநிலையையும் பெருக்கினால் ஏறத்தாழ 2898 மைக்ரோமீட்டர்-கெல்வின் கிடைக்கும். மனிதத் தோலின் வெப்பநிலை 34 டிகிரி செல்சியஸ், அதாவது 307 கெல்வின் எனக் கொண்டால், அலைநீளம் 9.4 மைக்ரோமீட்டர் ஆகிறது. ஆம், நாம் ஒவ்வொருவரும் இருளிலும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம்! அதைக் காணும் கண்தான் நமக்கு இல்லை.

அக்கண்ணாக அமைவது பைரோ மின்விளைவு உடைய படிகம். சில படிகங்களின் வெப்பநிலை மாறும்போது அவற்றின் எதிரெதிர் முகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது. ஐரோப்பியர் இதனைக் கவனித்தது இலங்கையிலிருந்து டச்சு வணிகர் கொண்டுசென்ற டூர்மலின் கல்லில். சூடாக்கினால் அது சாம்பலைத் தன்பால் இழுத்தது. அப்பெயரே 'தோரமல்லி' என்னும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததாகும். 1756-இல் ஏபினஸ் இவ்விழுப்பு மின்சாரத்தால் ஆவது என விளக்கினார்; 1824-இல் டேவிட் புரூஸ்டர் இதற்குப் பைரோ மின்சாரம் எனப் பெயரிட்டார்.

இங்கு ஒன்றை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். இப்படிகம் வெப்பநிலையை உணர்வதில்லை; வெப்பநிலையின் மாற்றத்தையே உணர்கிறது. மாற்றம் நின்றால் மின்னூட்டமும் கசிந்து மறையும். மேலும், உணரியினுள் இரண்டு படிகத் துண்டுகள் ஒன்றற்கொன்று எதிராக இணைக்கப்பட்டுள்ளன. அறை முழுதும் மெல்லச் சூடானால் இரண்டும் சமமாகத் தாக்கப்பட்டு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒருவர் நடக்கும்போது முதலில் ஒரு துண்டிலும் பின் மற்றொரு துண்டிலும் கதிர் விழுவதால் குறிப்பு எழுகிறது.

உணரியின் முன்னே உள்ள வெண்ணிற நெகிழி மூடி வெறும் மூடியன்று. கலங்கரை விளக்குகளுக்காகப் பிரெனல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1820-களில் வகுத்த படிக்கட்டு லென்சின் சிறு வடிவமே அது. பாலிஎத்திலீனால் ஆன அம்மூடியிலுள்ள பல சிறு லென்சுகள் அறையை விசிறி மடிப்புப் போலப் பல பகுதிகளாகப் பிரிக்கின்றன. ஒருவர் ஒரு மடிப்பிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போதெல்லாம் உணரி விழித்துக்கொள்கிறது.

இவ்வமைப்பிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, உணரிக்குக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் அறியும். நேராக அதனை நோக்கி வருபவரை அவ்வளவு எளிதில் அறியாது. ஆகவே கதவுக்கு நேரெதிரே பொருத்துவதைவிடப் பக்கச் சுவரில் பொருத்துவதே நன்று. இரண்டாவது, கண்ணாடி இந்நீண்ட அலைகளை ஊடுருவ விடாது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்பவர் நம் கண்ணுக்குத் தெரிந்தாலும் உணரிக்குத் தெரியார். மூன்றாவது, அசையாமல் இருப்பவர் அதன் கணக்கில் இல்லாதவரே.

நம் கோடையும் அயல்நாட்டு அளவும்

உணரியின் பெட்டியின்மேல் 'ஏழு மீட்டர் வரை' என அச்சிட்டிருப்பார்கள். அவ்வளவு தூரம் எல்லாப் பருவத்திலும் கிடைக்குமா? ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். தோல் 34 டிகிரி, பின்னால் உள்ள சுவர் 24 டிகிரி எனில், இரண்டும் வெளியிடும் கதிர்வீச்சின் வேறுபாடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 62 வாட். குளிரூட்டப்பட்ட அலுவலகத்தின் நிலை இது. நம் ஊர்க் கோடைப் பிற்பகலில் சுவர் 33 டிகிரியில் இருந்தால் அவ்வேறுபாடு 6.5 வாட்டாகக் குறைகிறது. அதாவது பத்தில் ஒரு பங்கு! ஆடை மூடிய பகுதிகள் சுவரின் வெப்பநிலைக்கு இன்னும் நெருங்கியிருக்கும். மார்கழியில் நன்றாக வேலை செய்த உணரி சித்திரையில் 'பழுதாகிவிட்டது' என்று கழற்றப்படுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பழுது கருவியிலன்று, இரு வெப்பநிலைகளும் ஒன்றையொன்று நெருங்கியதில்தான். சுவர் உடலைவிட மிகவும் சூடேறினால் வேறுபாடு மறுபுறமாக வளர்ந்து, நாம் 'குளிர்ந்த பொருளாக' மீண்டும் உணரிக்குத் தென்படுவோம் என்பது சுவையான செய்தி.

ஆதலின் நம் கட்டடங்களில் உணரிகளை, பெட்டியில் குறித்த தூரத்திற்கு வெகுவாக உட்பட்டே இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். மேற்கு வெயில் விழும் சன்னல், காற்றில் ஆடும் திரை, சமையலறைப் புகைபோக்கி ஆகியவற்றை உணரி நோக்கியிருத்தலும் ஆகாது. இல்லையேல் ஆளில்லாதபோதும் விளக்கு எரியும்.

வேறு வகை உணரிகள்

அகச்சிவப்பு உணரியின் குறைகளை நிறைவு செய்ய வேறு வகைகளும் உள்ளன. 1842-இல் டாப்ளர் கூறிய விளைவைப் பயன்படுத்துபவை மீயொலி உணரியும் நுண்ணலை உணரியும். அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாறியுள்ளதா எனப் பார்ப்பதே இவற்றின் செயல். 5.8 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையில், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருபவர் ஏற்படுத்தும் மாற்றம் ஏறத்தாழ 39 ஹெர்ட்ஸ். இது சூழல் வெப்பநிலையைச் சார்ந்ததன்று. ஆகவே கோடையிலும் தளராது. ஆனால் நுண்ணலை மெல்லிய பலகைத் தடுப்பையும் கண்ணாடியையும் கடந்து செல்லும். அடுத்த அறையில் நடப்பவருக்காக இந்த அறையில் விளக்கு எரியும்! சுழலும் மின்விசிறியையும் அது 'ஆள்' என எண்ணிவிடக் கூடும். மீயொலி சுவரைக் கடக்காது. தடுப்பின் மேற்புறமாகச் சென்று எதிரொலிக்கும். எனவே சிறு தடுப்புகள் உள்ள கழிப்பறைக்கு ஏற்றது. எனினும் வேகமான காற்றோட்டம் அதனைக் குழப்பும்.

அண்மைக் காலத்தில் 24, 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சிறு ராடார்கள் விலை குறைந்து வந்துள்ளன. 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீட்டரே. மூச்சுவிடும்போது மார்பு சில மில்லிமீட்டர் அசைவதைக்கூட இவற்றால் அறிய இயலும். உட்கார்ந்து படிப்பவரை 'இருக்கிறார்' என ஏற்றுக்கொள்ளும் உணரி இதுவே. மூடிய குளிர்சாதன அரங்குகளில் கார்பன் டை ஆக்சைடின் அளவைக் கொண்டு ஆளிருப்பை மதிப்பிட்டுக் காற்றோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்வது மற்றொரு முறை.

எங்கே, எப்படி?

இனி, ஒரு கல்லூரிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு இடந்தோறும் காண்போம்.

தாழ்வாரமும் மாடிப்படியும்: இங்கு வருவோர் அனைவரும் அசைபவர்களே, எனவே அகச்சிவப்பு உணரி போதும். ஆள் சென்றபின் விளக்கு எரியும் 'தாமத நேரம்' குறுகியதாக, ஓரிரு நிமிடமாக இருத்தல் வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒருவர் கடக்கும் தாழ்வாரத்தில் தாமதத்தைப் பதினைந்து நிமிடமாக வைத்தால் விளக்கு அணையவே அணையாது! படிக்கட்டில் விளக்கை முற்றும் அணைப்பதைவிட ஒளியைக் குறைத்து வைப்பதே பாதுகாப்பு.

விடுதிக் கழிப்பறை: தடுப்புக் கதவுக்குள் இருப்பவரைச் சுவரிலுள்ள அகச்சிவப்பு உணரி காணாது. நள்ளிரவில் உள்ளே இருக்கும்போது விளக்கு அணைந்தால் ஏற்படும் அச்சம் சிறிதன்று. இங்கு மீயொலி உணரியோ நீண்ட தாமதமோ வேண்டும். ஒரு சிறு விளக்கேனும் எப்போதும் எரியட்டும். சில வாட் சேமிப்பைவிட ஒருவரின் பாதுகாப்பு பெரிது.

ஆய்வுக்கூடம்: அமிலமும் எரியும் அடுப்பும் சுழலும் பொறியும் உள்ள இடத்தில் விளக்கு தானாக அணைதல் கூடாது. இங்குக் கைச் சுவிட்சே சிறந்தது.

நூலகம்: படிப்பவர் அசைவதில்லை. புத்தகத்தில் ஆழ்ந்தவரைத்தான் அகச்சிவப்பு உணரி முதலில் 'இல்லாதவர்' எனக் கணக்கிடும். வீட்டில் படிக்கத் தனி இடம் இல்லாத மாணவர் பலருக்கு நூலக மேசையே படிப்பறை. ஐந்து நிமிடத்திற்கொருமுறை கையை ஆட்டி 'நான் இருக்கிறேன்' என்று கருவிக்கு அறிவிக்கும் நிலை வந்தால், மறுநாளே அவர்கள் உணரியின்மேல் காகிதத்தை ஒட்டிவிடுவர். குறை அவர்களுடையதன்று. புத்தக அடுக்குகளுக்கு இடையே உணரி வைக்கலாம்; படிக்கும் மேசைகளுக்கு, பகலொளிக்கேற்ப அணையும் விளக்கும் மேசைக்கொரு சுவிட்சும் போதும்.

வகுப்பறை: இங்கு 'ஏற்றுவது மனிதர், அணைப்பது கருவி' என்னும் முறை சிறந்தது. சுவிட்சைப் போட்டால்தான் விளக்கு எரியும். அனைவரும் சென்ற பதினைந்து நிமிடத்திற்குப் பின் தானே அணையும். தானாக ஏற்றும் முறையில், மறந்த பேனாவை எடுக்க வந்தவருக்காகவும் ஆறு விளக்கும் ஆறு விசிறியும் இயங்கும். தேவையை மனிதரே நன்கறிவார். மறதியைக் கருவி சரிசெய்யும்.

பகலொளியும் ஊசலாட்டமும்

வெளிவிளக்குகளை இருட்டியதும் ஏற்றவும் விடிந்ததும் அணைக்கவும் ஒளி உணரி பயன்படுகிறது. அந்திப் பொழுதில் சில விளக்குகள் விட்டு விட்டு எரிவதைக் கண்டிருப்பீர்கள். இருட்டியதும் விளக்கு எரிகிறது, அதன் ஒளி உணரியின் மேலேயே விழுகிறது, 'விடிந்துவிட்டது' எனக் கருதி உணரி அணைக்கிறது, மீண்டும் இருள், மீண்டும் விளக்கு. இது முடிவில்லா ஊசலாட்டம். இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன: விளக்கின் ஒளி படாத திசையில் உணரியை வைத்தல், ஏற்றும் அளவுக்கும் அணைக்கும் அளவுக்கும் போதிய இடைவெளி விடுதல், மாற்றம் சில நிமிடம் நீடித்தால் மட்டுமே செயல்படச் செய்தல். தண்ணீர்த் தொட்டியில் மோட்டாரை நிறுத்த மேல்மட்டமும் ஓட்டத் கீழ்மட்டமும் தனித்தனியே வைப்பதும் இக்கொள்கைப்படியே.

கணக்குப் பார்ப்போம்

ஒரு வகுப்பறையில் 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஆறு, 75 வாட் மின்விசிறி ஆறு எனக் கொள்வோம். மொத்தம் 570 வாட். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் இவை ஆளின்றி ஓடுமாயின், 180 வேலை நாட்களில் வீணாவது ஏறத்தாழ 154 யூனிட். இதில் விளக்கின் பங்கு 32 யூனிட் மட்டுமே. விசிறியின் பங்கு 122. உணரியை விளக்கோடு மட்டும் இணைத்து விசிறியை விட்டுவிட்டால் வீணாவதில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே நிற்கும். பல இடங்களில் நேர்வது இதுவே.

உணரியும் மின்சாரம் உண்ணும். அரை வாட் எனக் கொண்டாலும் ஆண்டு முழுதும் 4.4 யூனிட். வகுப்பறையின் 154 யூனிட்டுக்கு முன் இது அற்பம். ஆனால் நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும் 9 வாட் விளக்கு எரியும் சேமிப்பறையை நோக்குங்கள். அவ்விளக்கு ஆண்டு முழுதும் எடுப்பது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அங்கு உணரி வைத்தால் விளக்கைப் போல் எட்டு மடங்கு மின்சாரத்தை உணரியே உண்டுவிடும்! சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற கதைதான்.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், வணிகக் கட்டடங்களின் விளக்கு மின்செலவில் ஆளிருப்பு உணரியால் சராசரி 24 விழுக்காடும், பகலொளிக் கட்டுப்பாட்டால் 28 விழுக்காடும், பல முறைகள் இணைந்தால் 38 விழுக்காடும் மிச்சமாவதாகக் கண்டனர். நம் நாட்டிலும் 2007-இல் வெளியிடப்பட்டு 2017-இல் திருத்தப்பட்ட ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, பெரிய வணிகக் கட்டடங்களில் தானாக அணையும் விளக்கமைப்பை வலியுறுத்துகிறது. 2020 முதல் நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன.

நாமே செய்து பார்க்கலாம்

சில நூறு ரூபாய்க்குள் இதனை நாமே சோதிக்கலாம். கடைகளில் கிடைக்கும் சிறிய பி.ஐ.ஆர். பலகை, 5 வோல்ட் மின்வாய், ஒரு மின்தடை, ஒரு சிறு எல்.இ.டி., அளவுநாடா, வெப்பமானி ஆகியவை போதும். மின்னிணைப்புத் தந்தபின் உணரி நிலைபெற ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பின்னர் குறுக்காக நடந்தும் நேராக நடந்தும் எவ்வளவு தூரத்தில் எல்.இ.டி. ஒளிர்கிறது எனக் குறிக்கலாம். இதையே காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும், மார்கழியிலும் சித்திரையிலும் செய்து வரைபடம் வரைந்தால் மேலே கூறிய கணக்கு மெய்யா என்பது விளங்கும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டோடு இணைக்கும் வேலையை மட்டும் பயிற்சி பெற்ற மின்பணியாளரிடமே விட வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. நம் பழைய கட்டடங்களின் சுவிட்ச் பெட்டிகளில் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி இருப்பதில்லை. இரண்டு கம்பி உணரி, விளக்கின் வழியாகவே தனக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தைப் பெறுவதால், அணைத்த பின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக ஒளிரும் அல்லது மினுக்கும். வாங்கும் முன்பே பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

முடிவுரை

உணரி அறிவுடைய பொருளன்று. அது ஒரு மாற்றத்தை மட்டும் அறியும் படிகம். அதற்கு எந்த இடம், எந்தத் திசை, எவ்வளவு தாமதம் என்று வகுப்பது நம் அறிவு. வைத்த பின் ஒரு வாரம் அவ்வறையில் இருப்பவர்களைக் கேட்டறிந்து தாமத நேரத்தைத் திருத்துவது அதைவிடப் பெரிய அறிவு. ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது எவ்வளவு கடமையோ, ஆள் இருக்கும் அறையில் அதனை அணையாமல் காப்பதும் அவ்வளவு கடமையே.

அரசுக் கல்லூரியில் எரியும் ஒவ்வொரு விளக்கும் மக்கள் வரிப்பணத்தால் எரிகிறது. அவ்வொளியில் படித்துத்தான் நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டத்தைப் பெறப்போகிறோம். அதனை வீணாக்காமலும், வேண்டியவருக்கு மறுக்காமலும் காக்கும் வழியை நம் ஆய்வுக்கூடத்திலிருந்தே தொடங்குவோமாக!